வாய் திறந்த நாயும் வாய் மூடிய நாயும்



பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து, சோறு தின்ற கையோடு கையடக்கத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவதை நீங்கள் நாளாந்தம் காண்கிறீர்கள். அந்தச் சிறிய திரைக்குள் என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுண்டா? செம்மஞ்சள் நிற உடம்பு. அதிலே கறுப்புக் கோடுகள். உச்சந்தலையிலும் நெஞ்சிலும் வாலிலும் பஞ்சு போன்ற மயிர். புலிக்குட்டியா நாய்க்குட்டியா என்று சொல்ல முடியாத ஒரு பிராணி அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடும். "இது என்ன மகன்?" என்று கேட்டால், "இது குரோலித், உம்மா! நெருப்புக் கக்கும்!" என்று பதில் வரும். அத்துடன் உம்மா சமையலறைக்குத் திரும்பிவிடுவார்.

அந்த உம்மா கேட்காமல் விட்ட அடுத்த கேள்வியை இம்மாதம் நாம் கேட்போம். இந்த நாய்க்குட்டி எங்கிருந்து வந்தது? இதற்கு ஊர் உண்டா, உறவு உண்டா? உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வம்சாவளியே உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பிள்ளையுடன் பேசுவதற்கு உங்களுக்கும் ஒரு விடயம் கிடைக்கும். பிள்ளை கையில் வைத்திருக்கும் பொருளைப் பற்றி நாம் சொல்லும் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் உண்டாகும்.

பூச்சி பிடித்த சிறுவன்

ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்குப் புறத்தே மச்சிடா என்றோர் ஊர். 1965 ஆம் ஆண்டு பிறந்த சதோஷி தஜிரி என்பவர் சிறுவனாக அங்கே வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்தார். நகரம் வளர வளர வயல்கள் கட்டடங்களாயின. பூச்சிகளும் போயின. பெரியவரானதும் அவர் வீடியோ விளையாட்டுக்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கினார். கேம் பிரீக் என்பது அதன் பெயர். அக்காலத்தில் நின்டென்டோ நிறுவனத்தின் 'கேம் போய்' என்ற கைக்கு அடக்கமான விளையாட்டுப் பெட்டி பிரபலமாக இருந்தது. இரண்டு பெட்டிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம். அந்தக் கம்பியைக் கண்ட தஜிரிக்கு, அதன் வழியாகப் பூச்சிகள் ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்கு ஊர்ந்து போவது போலத் தோன்றியதாம். தாம் சிறுவயதில் அனுபவித்த சேகரிக்கும் இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று எண்ணினார்.

இவ்வாறு பிறந்ததே 'பொக்கெட் மொன்ஸ்டர்ஸ்', அதாவது சட்டைப்பை அரக்கர்கள். இதன் சுருக்கமே போக்கிமோன். 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளாக ஜப்பானில் வெளியானது. முதல் தொகுதியில் 151 பிராணிகள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்த 151 இல் 58 ஆவது பிராணிதான் நமது நாய்க்குட்டி. 70 சென்ரிமீற்றர் உயரம், 19 கிலோ நிறை என்று விளையாட்டின் குறிப்பு கூறுகிறது. உலகச் சந்தையில் அதன் பெயர் குரோலித். ஜப்பானியப் பெயரோ 'கார்டி'. காவலைக் குறிக்கும் 'கார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் தெளிவாகவே தெரிகிறது. தன் எல்லையை விட்டுக் கொடுக்காது, அந்நியர் நுழைந்தால் குரைத்தும் கடித்தும் விரட்டும், எசமானுக்கு மிகவும் விசுவாசமானது என்றெல்லாம் இதன் குணங்களை எழுதியிருக்கிறார்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பொலிஸ் பெண்மணியின் பக்கத்தில் நிற்கும் நாயும் இதுவே. ஒரு நெருப்புக் கல்லைக் கொடுத்தால் 'ஆர்க்கனைன்' என்ற பெரும் பிராணியாக இது உருமாறும். 155 கிலோ நிறை. ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் 10,000 கிலோமீற்றர் கடக்குமாம்!

இன்னுமொரு நுட்பத்தையும் கவனியுங்கள். சிவப்புப் பதிப்பை வாங்கிய பிள்ளைக்கு இந்த நாய் கிடைக்கும். 'வல்பிக்ஸ்' என்ற நரி கிடைக்காது. பச்சைப் பதிப்பை வாங்கியவருக்கு நரி கிடைக்கும்; நாய் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் கூட்டாளியைத் தேடிப் போய்க் கம்பியை இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தனியே மூலையில் உட்கார்ந்திருப்பதற்காகச் செய்யப்பட்ட விளையாட்டல்ல அது. இருவர் சந்திப்பதற்காகச் செய்யப்பட்டது.

ஆலய வாசலில் ஒரு சோடி

இனி நாம் ஜப்பானின் பழைய வாசல்களுக்குப் போவோம்.

அந்நாட்டின் ஷின்டோ ஆலயங்களின் முன்னே, நடைபாதையின் இரு புறத்திலும் இரண்டு கற்சிலைகள் உட்கார்ந்திருக்கும். சுருள் சுருளான பிடரி மயிர், அகன்ற மார்பு, உருண்ட கண், மேலே சுருண்டெழுந்த வால். கோபம் கொண்ட நாய் போலவும் இருக்கும். சிரிக்கின்ற சிங்கம் போலவும் இருக்கும். இவற்றுக்குக் 'கொமாஇனு' என்று பெயர். தீயவை உள்ளே நுழையாமல் காவல் காப்பது இவற்றின் வேலை என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

'இனு' என்றால் நாய். 'கொமா' என்பது கொரியாவின் பழைய இராச்சியம் ஒன்றுக்கு ஜப்பானியர் வழங்கிய பெயர். ஆகவே கொமாஇனு என்றால் 'கொரியாவின் நாய்'. ஆனால் கொரியாவில் இப்படியொரு நாய் இருந்ததில்லை. உண்மையில் இது நாயே அல்ல. இது சிங்கம்!

சிங்கம் நாயான கதை

இந்தக் கதையின் தொடக்கம் நமக்கு அயலிலே இருக்கிறது. இந்தியாவில் சிங்கம் அரச பலத்தின் அடையாளம். கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி சாரநாத்தில் நிறுத்திய தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு சேர்த்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். புத்த சமயம் வடக்கே மத்திய ஆசியா வழியாகச் சீனாவுக்குப் போனபோது சிங்க உருவமும் கூடவே போனது. சீனாவிலோ காட்டுச் சிங்கம் கிடையாது. மேற்கத்திய அரசர்கள் எப்போதாவது பரிசாக அனுப்பிய ஒன்றிரண்டு சிங்கங்களை அரண்மனைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஊரிலிருந்த சிற்பிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. காதால் கேட்டதைக் கையால் செதுக்கினான். பிடரி சுருள் சுருளானது. முகம் அகன்றது. கால்கள் குட்டையாயின.

அங்கிருந்து கொரியா, கொரியாவிலிருந்து ஜப்பான். கடல் கடந்து வந்த அந்த விசித்திர உருவத்தைக் கண்ட ஜப்பானியர், தமக்குத் தெரிந்த மிருகங்களுள் எதற்கு ஒப்பாக இருக்கிறது என்று பார்த்தார்கள். நாய்தான் கிட்டத்தில் வந்தது. "கொரியாவிலிருந்து வந்த நாய்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வரலாற்றுக் காலத்தில் சிங்கம் வாழாத நமது நாட்டிலும் சிகிரியாவில் 5 ஆம் நூற்றாண்டின் பிரமாண்டமான சிங்கப் பாதங்கள் இருக்கின்றன. 13 ஆம் நூற்றாண்டின் யாப்பஹுவ படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்களின் உருண்ட கண்ணையும் பல்லையும் பாருங்கள். சீனத்துச் சிங்கத்தின் சாயல் அவற்றிலே தெரியும். சிங்கம் போகாத ஊர்களுக்கெல்லாம் சிங்கத்தின் உருவம் போயிருக்கிறது.

ஜப்பானில் 8 ஆம் நூற்றாண்டளவில் இந்தச் சோடியின் இரண்டுமே சிங்கங்களாகத்தான் இருந்தன. 9 ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டுக்கும் வேறுபாடு வைக்கத் தொடங்கினார்கள். ஒன்று வாயைத் திறந்திருக்கும், அது சிங்கம். மற்றது வாயை மூடியிருக்கும், அதன் தலையில் ஒற்றைக் கொம்பு முளைத்திருக்கும், அதுவே கொமாஇனு. ஆரம்பத்தில் இவை மரத்தால் செய்யப்பட்டுக் கட்டடத்துக்கு உள்ளேதான் இருந்தன. அரண்மனையில் திரைச்சீலைகள் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றைப் பாரமாகவும் வைத்தார்களாம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் கற்சிலைகளாக அவை ஊரூராகப் பரவியது பிற்காலத்திலே. நாரா நகரின் தோடாய்ஜி விகாரையின் தெற்கு வாயிலில் இன்றும் நிற்கும் கற்சிங்கங்கள் 1196 ஆம் ஆண்டு சீனாவிலிருந்து வந்த சிற்பிகள் செதுக்கியவை. கல்லில் செய்யப்பட்டவற்றுள் அவை மிகப் பழையவையாகக் கருதப்படுகின்றன. நாளடைவில் கொம்பு மறைந்தது. இரண்டையும் சேர்த்தே கொமாஇனு என்று அழைக்கும் வழக்கம் வந்தது.

ஒன்று 'அ', ஒன்று 'உன்'

ஏன் ஒன்றுக்கு வாய் திறந்திருக்கிறது, மற்றதற்கு மூடியிருக்கிறது? சீனாவிலே இந்தச் சோடியை ஆண், பெண் என்று பிரிப்பார்கள். ஆணின் காலடியில் ஒரு பந்து. பெண்ணின் காலடியில் ஒரு குட்டி. ஜப்பானியர் பிரித்ததோ வாயை வைத்து. திறந்த வாய் 'அ' என்று சொல்கிறது. மூடிய வாய் 'உன்' என்று முடிக்கிறது. இவை சமஸ்கிருதத்திலிருந்து பௌத்தர்கள் வழியாகப் போன ஒலிகள். முதல் ஒலி 'அ'. முடிவு ஒலி வாயை மூடும் 'ஹூம்'. தொடக்கமும் முடிவும் வாசலின் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கின்றன என்பது கருத்து.

தமிழ் வாசகருக்கு இதிலே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஜப்பானியப் பிள்ளை பாடசாலையில் அரிச்சுவடி படிக்கும்போது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இன்று 'ஹ' என்று சொல்லும் வரிசையைப் பழங்கால ஜப்பானியர் 'ப' என்றே உச்சரித்தார்கள். அப்படி வைத்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நாம் மணலில் விரல் வைத்து எழுதிப் படித்த அதே ஒழுங்கு! பௌத்த துறவிகள் இந்திய எழுத்தைக் கற்றபோது அதன் வரிசை முறையும் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய கடைசி எழுத்து 'ன்'. வாயை மூடி முடிப்பது.

'அ-உன் மூச்சு' என்று ஜப்பானியர் ஒரு வழக்குச் சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வார்த்தை பேசாமலே ஒருவர் மனதை ஒருவர் அறிந்து ஒரு வேலையைச் செய்து முடித்தால், அவர்களிடம் 'அ-உன் மூச்சு' இருக்கிறது என்பார்கள். அடுப்படியில் உம்மா கையை நீட்டுமுன் மகள் உப்புச் சிரட்டையை எடுத்துக் கொடுக்கிறாளே, அது தான் இது.

கூரை மேல் ஒரு காவலன்

ஜப்பானின் தெற்கே ஒகினாவாத் தீவுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அது ரியுக்யு என்ற தனி இராச்சியம். சீனாவுடன் நேரடியாகவே கப்பல் வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். அங்கே இதே உருவத்துக்குச் 'சிஷா' என்று பெயர். சிங்கத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது. ஆலயத்தில் மட்டுமன்றிச் சாதாரண வீடுகளின் ஓட்டுக் கூரையிலும் மதிலிலும் சிஷா உட்கார்ந்திருக்கும்.

டோமிமோரி என்ற கிராமத்தில் 1689 ஆம் ஆண்டு வைத்த ஒரு கற்சிஷா உண்டு. அந்தக் கிராமத்தில் அடிக்கடி வீடுகள் தீப்பற்றி எரிந்தனவாம். தீயைத் தடுப்பதற்கென்றே அதை வைத்தார்கள். 1945 ஆம் ஆண்டு ஒகினாவா யுத்தம் நடந்தபோது அந்தச் சிலையின் மேலும் குண்டுகள் பாய்ந்தன. அந்தத் துளைகளை இன்றும் காணலாம். ஊரை நெருப்பிலிருந்து காக்க வைத்த காவலனால் அந்த நெருப்பை எப்படித் தடுக்க முடியும்? யுத்தத்தைக் கண்ட நம்மவர்க்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தீயைத் தடுக்க வைத்த உருவத்தின் சந்ததி, வீடியோ விளையாட்டில் தீயைக் கக்குகிறது என்பது ஒரு வேடிக்கைதான்.

நாயும் தாயும், ஓநாயும் உழவனும்

நாயைப் பற்றி ஜப்பானியரிடம் இன்னும் சில பழைய நம்பிக்கைகள் உண்டு. நாய் பல குட்டிகளைச் சிரமமின்றி ஈனுகிறது என்று கண்ட அவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் ஐந்தாம் மாதத்தில், பஞ்சாங்கத்தின் 'நாய் நாள்' பார்த்து, வயிற்றில் ஒரு துணிப்பட்டி கட்டும் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். குழந்தை பிறந்தால் கடதாசிக் கூழால் செய்த சிறிய நாய்ப் பொம்மை கொடுப்பார்கள். பிரசவம் உயிரோடு விளையாடும் விடயமாக இருந்த காலத்தில் எந்த ஊர்ப் பெண்ணும் எதையாவது பற்றிப் பிடிக்கவே பார்த்திருக்கிறாள்.

டோக்கியோவுக்கு மேற்கே மலைப்பகுதியில் மிட்சுமினே என்ற ஆலயம் உண்டு. அதன் வாசலில் இருப்பவை ஓநாய்கள். பயிரை அழிக்கும் மானையும் காட்டுப் பன்றியையும் ஓநாய் பிடித்துத் தின்றதால் உழவர்கள் அதை மதித்தார்கள். அத்தகைய ஜப்பானிய ஓநாயில் கடைசியாக அறியப்பட்டது 1905 ஆம் ஆண்டு நாராப் பகுதியில் பிடிபட்டது. அதன் பிறகு அந்த இனமே இல்லை. சிலை மட்டும் வாசலில் இருக்கிறது.

கொம்பு மீண்டும் முளைத்தது

2022 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் திகதி அதே விளையாட்டுத் தொடரில் ஒரு புதிய பாகம் வெளியானது. அதன் கதை பழங்காலத்தில், 'ஹிசுயி' என்ற நிலத்தில் நடக்கிறது. ஜப்பானின் வடக்கிலுள்ள ஹொக்கைடோத் தீவை ஒத்த நிலம் அது. அங்கே நமது நாய்க்குட்டியின் மூதாதை வடிவம் ஒன்றைக் காட்டினார்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு அடர்ந்த மயிர். தலையில் கல்லால் ஆன ஒற்றைக் கொம்பு. உடம்பில் எரிமலைப் பாறையின் கூறு. ஆகவே நெருப்போடு கல்லும் அதன் இயல்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பிராணிகள் சோடி சோடியாகவே தம் எல்லையைச் சுற்றிக் காவல் காக்கும் என்று அதன் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

ஒற்றைக் கொம்பு, கல் உடம்பு, சோடிக் காவல். இப்போது ஆலய வாசலின் சிலையையும் விளையாட்டின் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் சொல்லித் தராமலே விளங்கும்.

இது ஒன்று மட்டுமல்ல. மேலே சொன்ன நரி வளர்ந்தால் ஒன்பது வாலும் ஆயிரம் ஆண்டு ஆயுளும் பெறுகிறது. அது கீழைத்தேசத்து நரிக் கதைகளிலிருந்து வந்தது. 'விஸ்காஷ்' என்றொரு கெளிறு மீன் உண்டு; நிலத்தின் கீழே கிடக்கும் பெரிய கெளிறு புரண்டால் பூமி அதிரும் என்ற ஜப்பானியக் கதையிலிருந்து வந்தது. தம் பாட்டிமார் சொன்ன கதைகளை அவர்கள் வீணாக்கவில்லை. புதிய சட்டை போட்டு உலகத்துப் பிள்ளைகளின் கையிலெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

நமது வீட்டில் என்ன செய்வது?

இங்கேதான் பெற்றோர் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். "சும்மா விளையாட்டுத்தானே" என்று ஒரு சாரார் திரும்பியும் பார்ப்பதில்லை. "அது ஆகாது, போடு கீழே!" என்று மறுசாரார் பறித்து வைக்கிறார்கள். இரு சாராருமே அது என்னவென்று பார்க்கவில்லை என்பதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2001 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் போக்கிமோன் விளையாட்டுக்களையும் அட்டைகளையும் மார்க்க அறிஞர் சபை தடை செய்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அட்டைகளைப் பணத்துக்கு மாற்றிச் சூதாட்டம் போல ஆகிறது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. அதே காலத்தில் பல நாடுகளிலும் ஒரு வதந்தி பரவியது. போக்கிமோன் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் இன்ன இன்ன தீய பொருள் உண்டு என்றார்கள். 'நான் ஒரு யூதன்' என்று பொருள் என்றும் சொன்னார்கள். அதில் துளியும் உண்மை இல்லை. மேலே நாம் கண்டது போல, அது இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.

அட்டையைப் பற்றிய கேள்வி பொறுப்பான கேள்வி. அதை எவரும் யோசித்துப் பார்க்கலாம். பெயரைப் பற்றிய வதந்தியோ வெறும் வதந்தி. இரண்டையும் ஒரே மூச்சில் பிள்ளையிடம் சொன்னால் என்ன நடக்கும்? இன்றைய பிள்ளை அரை நிமிடத்தில் உண்மையைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். வாப்பா சொன்னது பொய் என்று ஒரு தடவை கண்டுவிட்டால், நாளைக்கு வாப்பா சொல்லும் உண்மையான எச்சரிக்கையும் அதன் காதில் ஏறாது. பிள்ளையின் நம்பிக்கையை நாம் வதந்திக்குச் செலவழித்துவிட்டால், தேவையான நேரத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "இந்த நாய் ஜப்பானியரின் ஆலய வாசலில் இருக்கும் ஒரு சிலையைப் பார்த்து வரைந்தது. அந்தச் சிலை தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். நாம் அப்படி நம்புவதில்லை" என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காதா? பிறர் நம்புவதைத் தெரிந்துகொள்வது வேறு, தான் நம்புவது வேறு என்ற வேறுபாட்டை அன்றைக்கே அது கற்றுக்கொள்ளும். விளையாடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பகுதியின் வேலையல்ல. சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்கப் போகும்போது, என்ன விளையாட்டு, அதிலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நாயைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, பணம். 1996 ஆம் ஆண்டு தொடங்கிய இந்த அட்டைகள் மூடிய உறையில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அரிய அட்டை கிடைக்கும் என்ற ஆசையில் ஒன்றன்பின் ஒன்றாக உடைக்கத் தோன்றும். 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இதே முறை கையடக்கத் தொலைபேசிக்கும் வந்துவிட்டது. நாளாந்தம் சில உறைகள் இலவசம்; மேலும் வேண்டுமானால் காசு. உங்கள் வங்கி அட்டையின் இலக்கம் பிள்ளை விளையாடும் தொலைபேசியில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டாவது, கண்ணும் மூளையும். 1997 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி போக்கிமோன் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் வேகமாக மாறி மாறி மின்னியது. அதைப் பார்த்த 600 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வலிப்பு, வாந்தி, தலைச்சுற்று என்று வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நான்கு மாதம் அந்த நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஜப்பானில் இத்தகைய காட்சிகளுக்கு விதிமுறைகள் வகுத்தார்கள். இருந்தாலும் இருட்டறையில் திரையை முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதை அனுமதிக்காதீர்கள். வலிப்பு நோயுள்ள பிள்ளையாயின் வைத்தியரின் ஆலோசனை அவசியம்.

மூன்றாவது, தனிமை. கம்பியை இணைத்து இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து விளையாடியதே இதன் தொடக்கம் என்று கண்டோம். இன்று கம்பி இல்லை. கூட்டாளியும் பக்கத்தில் இல்லை. பிள்ளை விளையாடுவதானால் தம்பியோடு, தங்கையோடு, அயல்வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடட்டும். நேரத்தையும் ஆரம்பத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் போய்ப் பறித்தால் சண்டைதான் மிஞ்சும்.

நான்காவதாக ஒன்று, இது கவலை அல்ல, கடமை. ஜப்பானியர் தம் பழங்கதையைப் பிள்ளைகளிடம் சேர்த்தார்கள் என்று வியந்தோம். நாம் எதைச் சேர்த்தோம்? குகைவாசிகளின் வரலாற்றில், வாசலிலே முன்னங்கால்களை விரித்துப் படுத்திருந்த நாயைப் பற்றி உங்கள் மகனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? வாசல் காக்கும் நாய் அவனுக்கு ஏற்கனவே பிடித்திருக்கிறது. அந்த ஆசை இருக்கும்போதே சொல்லுங்கள். ஓதும் பாடமாக அல்ல, இரவில் படுக்கையில் கிடந்தபடி கேட்கும் கதையாகச் சொல்லுங்கள். வாப்பும்மாவும் உம்மும்மாவும் வீட்டில் இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

வாசகர்களே! அடுத்த தடவை பிள்ளை திரையைக் காட்டி, "உம்மா, இதைப் பாருங்களேன்" என்றால், கையிலிருக்கும் அகப்பையை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். "இதுக்குத் தலையில ஒரு கொம்பு இருந்த காலமும் உண்டு, தெரியுமா?" என்று கேளுங்கள். பிள்ளை நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அதன் பிறகு பேச வேண்டியதைப் பேசலாம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.